ஒரு ஆளு கொறையுது

எங்கள் தெரு ரிஃபாய் நானாவுக்கு இரண்டு உத்தியோகம். பகலில் மருமகனின் செருப்புக் கடையில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, செருப்பு வாங்க வந்தவரிடம் ஊர்க்கதை பேசி வியாபாரத்தைக் கெடுப்பது ஒன்று. இன்னொன்றுக்குச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆனால் அவர் இல்லாமல் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் எதிலும் சோறு ஒழுங்காக இறங்கியதில்லை.

சஹன் சாப்பாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய தாம்பாளம் ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, சுற்றிலும் நான்கு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அந்தத் தாம்பாளத்துக்குத்தான் சஹன் என்று பெயர். மண்டபத்துக்குள் வருகிறவர்களை நான்கு நான்காகச் சேர்த்து உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சஹனில் ஆறு பேர் முட்டிக்கொள்வார்கள், அடுத்த சஹனில் ஒருவர் தனியாக உட்கார்ந்து மாப்பிள்ளைக்குரிய கறியையும் சேர்த்துத் தின்பார். அந்த ஆள் ரிஃபாய் நானா. தோளில் துண்டு, வயிற்றிலிருந்து வருகிற குரல். "இங்க ஒரு ஆளு கொறையுது!" என்று அவர் கத்தினால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர் ஒற்றைச் செருப்போடு ஓடி வருவார்.

நான் டெய்சி, அரசாங்க சுகாதார நிலையத்தில் நர்ஸ். வேதக்காரிதான், ஆனாலும் பெரிய ஆண்களை இந்தத் தெரு வழக்கப்படி நானா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். பெண்கள் பக்கத்துச் சஹனில் எனக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் நானாவின் ராஜாங்கம் தெரியும்.

அவர் ராஜாங்கத்தில் ஒரே ஒரு சட்டம்தான். நான்கு பேர் இல்லாவிட்டால் சோறு வராது. மதில் சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து ஒரே சஹனில் உட்கார வைத்திருக்கிறார். நடுவில் இருக்கிற கறியை யாராவது ஒருவர் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளித்தானே ஆக வேண்டும்? அண்ணன் தள்ளினார். வழக்கு இன்னும் நடக்கிறது, அது வேறு விஷயம். பிரான்சிலிருந்து வந்த பென்ஷன்காரர் ஒருவர் தனித்தட்டும் கரண்டியும் கேட்டார். நானா அவரை மூன்று மீன் வியாபாரிகளுக்கு நடுவில் சொருகிவிட்டார். விருந்து முடிந்தபோது கரண்டி பிர்னிப் பாயசத்துக்குள் மூழ்கிக் கிடந்தது, பென்ஷன்காரர் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று பேராக ஒரு சஹன் நின்றுபோனால் அதற்கும் நானாவிடம் வழி உண்டு. பண்டாரி சமைக்கிற கொட்டகைப் பக்கம் திரும்பி, "முத்தையா!" என்பார். வரிச்சிக்குடி வயல்களில் நடவும் அறுப்பும் இல்லாத நாட்களில் விறகு பிளக்கவும் சோற்றுத் தேக்சா தூக்கவும் வருகிற ஆள் முத்தையன். "கை கரியா இருக்கு பாய், அப்புறமா சாப்புடுறேன்" என்று அவன் இழுப்பான். நானா மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பார். இப்படியே முத்தையன் ஊரில் உள்ள எல்லாப் பெரிய வீட்டுச் சஹனிலும் நான்காவது ஆளாகச் சாப்பிட்டிருக்கிறான்.

பிறகு கொரோனா வந்தது. கல்யாணமெல்லாம் வீட்டுக் கூடத்துக்குள் சுருங்கியது, சோறு பொட்டலத்தில் போனது. பொட்டலத்துக்கு ஆள் சேர்க்க வேண்டியதில்லை. நானா செருப்புக் கடையிலேயே முழுநேரமும் உட்கார்ந்ததில் மருமகனுக்கு வியாபாரம் படுத்தது.

அந்த முதல் வருஷத்திலேயே சேக் அலாவுதீன் போய்ச் சேர்ந்தார். நானாவுக்கு ஓதப்போன காலத்திலிருந்தே கூட்டாளி. எல்லா விருந்திலும் கடைசிச் சஹனில் நானாவுக்கு எதிரே உட்காருகிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கபுறுஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். கவச உடை போட்ட ஆட்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். தூரத்தில் நில்லுங்கள் என்று சொன்ன இடத்தில் நானா நின்றார். ஊரெல்லாம் நான்கு பேரைச் சேர்த்தவரால் தன் கூட்டாளியின் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நான்கு பேரைச் சேர்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் குரலே இறங்கிப்போயிற்று. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த மார்ச்சில் வயதானவர்களுக்குத் தடுப்பூசி வந்தபோது, நிலையத்துக் கதவை நான் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றவர் ரிஃபாய் நானா. சட்டையைத் தானே மடித்துக்கொண்டார். நானே போட்டேன். "அலாவுதீன் நேரத்துக்கு இது வரலியேம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வந்தத யாருட்டயும் சொல்லாத டெய்சிமா. இது எனக்கும் அவனுக்கும் உள்ளது" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன். இரண்டாவது ஊசிக்கும் அப்படியே வந்தார், அப்படியே போனார். அந்தச் சத்தியம் என்னை இந்தப் பாடு படுத்தும் என்று தெரிந்திருந்தால் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு போட்டிருப்பேன்.

டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஆணை வந்தது, தடுப்பூசி கட்டாயம் என்று. ஊரே சட்ட வல்லுநராகிவிட்டது. டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "வாஞ்சூர் எல்லையில ஒரு கால இந்தப் பக்கமும் ஒரு கால அந்தப் பக்கமும் வெச்சு நின்னா, எந்தக் கைக்கு ஊசி?" மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்த, ஆனால் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட ஊரில் இது நியாயமான கேள்விதான். கட்டாயப்படுத்தாமல் யார் போட்டுக்கொள்வார்கள் என்று ஒரு கட்சி. என் உடம்பு என் இஷ்டம் என்று ஒரு கட்சி. உன் இஷ்டம் உன் உடம்போடு நிற்கவில்லையே, என் மூக்குக்குள்ளும் வருதே என்று முதல் கட்சியின் கிளை. டீ ஆறியது, வாதம் ஆறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் யாரோ நானாவைக் கேட்டுத் தொலைத்தார்கள், போட்டுக்கிட்டீங்களா என்று.

"அது ஒங்களுக்கு எதுக்கு?" என்றார் நானா.

அவ்வளவுதான். ரிஃபாய் பாய் ஊசி போடவில்லை என்று சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. நானா மறுக்கவுமில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை. ஆணை வந்த கோபத்தில் இறங்கிப்போன குரல் பழையபடி ஏறிவிட்டது. "போடுறது வேற, போடுன்னு அதட்டுறது வேற, போட்டியான்னு சட்டையத் தூக்கிப் பாக்குறது வேற" என்று செருப்புக் கடையில் பிரசங்கம். "நல்லது செய்யுறதுக்கும் கட்டளை போட்டுட்டா, மனுசன் தானா செஞ்ச நல்லது யாரு கணக்குல போவும்?" கேட்டவர்கள் அசந்துபோனார்கள். போடாதவர்களெல்லாம் செருப்பு வாங்கும் சாக்கில் வந்து அவரைத் தலைவராக்கினார்கள். மருமகனுக்கு மட்டும் சந்தோஷம்.

நானாவின் வீட்டுக்காரி ஆரிபா லாத்தாவுக்கு உண்மை தெரியும். "நிக்காஹ் முடிஞ்ச நாள்லேருந்து இவுக இப்புடித்தான். நான் சொன்னா செய்ய மாட்டாக, சொல்லாட்டி செஞ்சிருவாக. கவுருமெண்டு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார் என்னிடம்.

என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, உங்கள் தெருவில் ஒரு ஆள் எதிர்ப்பிரசாரம் செய்கிறாராமே என்றார். பதிவேட்டில் இருப்பதை அதிகாரியிடம் மறைக்க முடியுமா? "அவரு போட்டாச்சு சார், ரெண்டும்" என்றேன். அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "போடாதவன போட வைக்க ஆர்டர் இருக்கும்மா. போட்டவன சொல்ல வைக்க ஆர்டர் இல்லியே!"

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், முத்தையன் மட்டும் இல்லாவிட்டால். அவன் மனைவிக்கு மூச்சிழுப்பு நோய். ஒரு தடவை ஆக்சிஜன் வைத்துத்தான் உயிர் திரும்பியது. அவள் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டாள், ஆனாலும் புருஷன் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிடுவானோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தாள். அவனோ நான் வீட்டுக்குப் போன போதெல்லாம் ஒரே பாட்டு. "பாயே போடலக்கா. துபாயெல்லாம் பாத்த மனுசன், காரணம் இல்லாமயா இருப்பாரு?" வாயைத் திறந்தால் சத்தியம் போகும், திறக்காவிட்டால் இவன் வீட்டில் ஓர் உயிர் போகலாம். நேரே செருப்புக் கடைக்குப் போனேன்.

"நானா, ஒங்களால முத்தையன் போடாம நிக்கிறான். அவன் பொண்டாட்டிக்கு இழுப்பு. ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"அவன் வந்து கேக்கட்டும், சொல்றேன். நானே போயி சொன்னா ஆர்டருக்குப் பயந்து சொன்ன மாதிரி ஆவும்."

"அவன் ஏன் கேக்கப் போறான்? நீங்க போடலன்னே நெனச்சிட்டிருக்கான்."

"அது அவன் தப்பு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நாலு பேரு உக்காராட்டி சோறு கெடையாதுங்குறீங்களே, அது கட்டாயம் இல்லியா? சோத்துக்கு ஒரு சட்டம், ஊசிக்கு ஒரு சட்டமா?"

நானா ஒரு செருப்பை எடுத்துத் துடைத்தார். "சோறு வேணாம்னு எந்த மடையனும் சொல்ல மாட்டான் டெய்சிமா" என்றார். மாட்டிக்கொண்டால் மனுஷர் இப்படித்தான் பழமொழி மாதிரி எதையாவது சொல்லிவிட்டு எழுந்து போவார்.

பிப்ரவரியில் ஆரிபா லாத்தாவின் தம்பி ஹமீதின் மகள் இஃபாத்துக்குக் கல்யாணம் வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மண்டபத்தில் சஹன் வைக்கிற பெரிய கல்யாணம். இஃபாத் நானாவின் மடியில் வளர்ந்த பிள்ளை, அவள் கல்யாணத்துக்கு ஆள் சேர்க்க அவர் புதுத் துண்டு வாங்கி வைத்திருந்தார். மண்டபத்துக்காரர் ஊசி போட்டவர்களுக்குத்தான் அனுமதி என்றார். ஹமீது யோசித்தார். வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திச் சான்றிதழ் கேட்டால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. போடாதவர்களுக்குக் கை கழுவும் குழாய்ப் பக்கம் கதவோரமாகத் தனிச் சஹன். அதே கதவுக்கு வெளியே சுகாதாரத் துறையின் ஊசி மேசை. மேசையில் நானும், பெயர் பதிய பெனிட்டாவும்.

விருந்தன்று காலையில் ஹமீது தன் மச்சானிடம் கெஞ்சியதை நான் கேட்டேன். "மச்சான், போட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சான்றிதழ்கூட வேணாம்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப போடலியா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நீங்க ஆள் சேக்க வேணாம். கொழாப் பக்கம் உக்காருங்க" என்றார் ஹமீது. நானா தோளிலிருந்த புதுத் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆள் சேர்க்கிற வேலை மாப்பிள்ளையின் சிநேகிதன் தஹ்ஸீனுக்குப் போனது. அவன் மைக் பிடித்தான். "ப்ளீஸ், நாலு நாலு பேரா உக்காருங்க" என்று இனிமையாக வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டால் யார் உட்காருவார்கள்? நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்று எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு சஹனில் ஏழு பேர், ஒன்றில் இரண்டு பேர். கொட்டகையில் பண்டாரி தலையில் அடித்துக்கொண்டார். குழாய்ப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்த நானாவின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்தக் குழாய்ச் சஹனில் சரியாக நான்கு பேர். தலைவர் ரிஃபாய் நானா. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் வேதவாக்காக நம்பும், மின்துறையில் ஓய்வுபெற்ற அருளானந்தம். ஜிம் வைத்திருக்கும், புஜத்தைக் காட்டிக் கிருமியை மிரட்டும் மணிபாரதி. நான்காவது முத்தையன். சோறு வந்தது. மேசைக்கும் சஹனுக்கும் நடுவில் கதவு மட்டும்தான், ஒரு பேச்சுத் தவறாமல் எனக்குக் கேட்டது.

முத்தையன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். "காலையில கெளம்பறப்பகூட அழுவுறா பாய். நீ கொண்டாந்து குடுத்தா நான் தாங்க மாட்டேங்குறா. நான் சொல்லிட்டேன், பாய் என்னிக்குப் போடுறாரோ அன்னிக்கு நானும் போடுறேன்னு."

நானாவின் கை தட்டிலேயே நின்றது. நான் ஊசிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மாதாவை வேண்டினேன்.

"முத்தையா, நான் ரெண்டும் போட்டுட்டேண்டா. வந்த ஒடனேயே போட்டுட்டேன்."

முதலில் கையை இழுத்துக்கொண்டவர் அருளானந்தம். "என்னது? போட்டுட்டீங்களா? போட்டுட்டு எங்க சஹன்ல வந்து உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க முதல்ல!"

"துரோகம்ணே இது" என்றான் மணிபாரதி.

நானா எழுந்தார். போட்டவர்கள் பக்கம் போக முடியாது, அங்கே சொல்லவில்லை. போடாதவர்கள் பக்கம் இருக்க முடியாது, இங்கே சொல்லிவிட்டார். கல்யாண மண்டபத்தில் ரிஃபாய் நானா உட்காரத் தட்டில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதோடு போனதா? பரிமாறுகிற பையன் தால்சாக் குழம்பு வாளியோடு வந்தான், மூன்று பேரைப் பார்த்தான், குனிந்து சஹனையே தூக்கிவிட்டான். "மூணு பேருக்குச் சோறு கெடையாதுன்னு நானாதான் சொல்லிக் குடுத்திருக்காக" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். அருளானந்தத்தின் விரலில் இருந்த ஒரு பருக்கை மட்டும் மிஞ்சியது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முத்தையன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஏன் பாய் சொல்லல?" என்றான் அவன்.

"நீ கேக்கலியேடா."

"நான் கேக்காட்டி? சோறு வேணுமாடான்னு என்னிக்காச்சும் என்னக் கேட்டிருக்கீங்களா? வேணாம் வேணாம்னாலும் கையப் புடிச்சு இழுத்துத்தானே உக்கார வெப்பீங்க? இதுக்கு மட்டும் ஏன் பாய் என்ன இழுக்கல?"

நானா நெய் வழிகிற தன் வலது கையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. பிறகு இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கதவைத் தாண்டி அவனை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"போடு டெய்சிமா."

அந்த நேரம் பார்த்து நான் சொல்ல வேண்டியதாயிற்று. "நானா, குப்பியத் தெறந்தா பத்துப் பேருக்குப் போட்டாவணும். ஒருத்தருக்காகத் தெறந்துட்டு மிச்சத்தக் கொட்டுனா மேல கேப்பாங்க. காலையிலேருந்து யாரும் வரல, அதான் தெறக்காமயே வெச்சிருக்கேன்."

நானா என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப ஒனக்கும் ஆள் சேந்தாத்தான் சோறா?"

"அப்புடித்தான் வெச்சுக்குங்க."

"எனக்குச் சக்கர இருக்கு. மூணாவது போடலாம்னு பேப்பர்ல போட்டிருந்தான். நான் ஒண்ணு, இவன் ஒண்ணு." துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்து உதறித் தோளில் போட்டார். மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு வருஷமாக எந்த மண்டபத்திலும் கேட்காத குரல் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"இங்க எட்டு ஆளு கொறையுது!"

தஹ்ஸீன் மைக்கைக் கீழே வைத்துவிட்டான். பழக்கம் பொல்லாதது. என்னவென்று தெரியாமலே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நானா உள்ளே புகுந்தார். மூன்றாவது ஊசிக்கு நாள் ஆகிவிட்ட பெரியவர்களைப் பொறுக்கினார். பிரான்ஸ் பென்ஷன்காரர் வந்தார், இந்தத் தடவை கரண்டி இல்லாமல். மதில் சுவர் அண்ணன் வந்தார், அவர் வந்துவிட்டாரே என்று தம்பியும் வந்தார். நானாவின் மேல் கோபமாக இருந்த மணிபாரதி புஜத்தைத் தடவிக்கொண்டே வந்து வரிசையில் நின்றான். எல்லோருக்கும் வலது கையில் சோறு, இடது கையில் மடித்த சட்டை. எல்லோரும் கை கழுவாமலே வந்து நின்ற ஊசி முகாம் அது ஒன்றுதான்.

வரிசையை எண்ணினேன். ஒன்பது பேர்.

நானா மெல்லக் குழாய்ப் பக்கம் திரும்பினார். அங்கே அருளானந்தம் வெறுந்தரையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நானா, கட்டாயப்படுத்தக் கூடாது. அவரா வரணும்" என்றேன். இதை நான் அவருக்குச் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அருளானந்தமும் அதைப் பிடித்துக்கொண்டார். "கட்டாயம் தப்புன்னு கடையில ஒக்காந்து சொன்னது நீங்கதானே பாய்?"

"தப்புதான்" என்றார் நானா. "இப்பவும் தப்புதான். ஒங்கள இழுக்க மாட்டேன்." அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். "அலாவுதீனத் தெரியும்ல ஒங்களுக்கு? அவன் போனப்ப சந்தூக்கு தூக்க நாலு பேரச் சேக்க முடியல என்னால. ஊரெல்லாம் சேத்தேன், அவனுக்குச் சேக்க முடியல. ஒங்களுக்கு அப்புடி ஒரு நெலம வந்துரக் கூடாது." மூக்கை உறிஞ்சினார். பிறகு எப்போதும் கத்துகிற வார்த்தையை, முதல்தடவையாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஒரு ஆளு கொறையுது. வாங்க."

அருளானந்தம் வரிசையைப் பார்த்தார். தூக்கிக்கொண்டு போன சஹன் மறுபடி வருகிறதா என்றும் பார்த்தார்.

"எந்தக் கையி?" என்றார்.

"சோத்துக் கை வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு நான் குப்பியைத் திறந்தேன்.